தண்ணி ஒட்டாத ஷூ ஸ்பிரே: ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கேன்வாஸ் ஷூ நனையாம இருக்க அடிக்கிற ஸ்பிரே இது. டப்பா மேல தாமரை இலை படம் போட்டிருந்துச்சு, அந்தப் படத்தைப் பாத்துதான் வாங்கினேன்.

முதல் வாரம் அவ்ளோ சந்தோஷம். ரெண்டு கோட் அடிச்சு ஒரு நாள் முழுக்க காயவிட்டு தண்ணி ஊத்தினா பாதரசம் மாதிரி உருண்டு ஓடுது, மேல கொஞ்சம் மண்ணைத் தூவிட்டு நாலு சொட்டு விட்டேன், போற வழில இருந்த மண்ணையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. சேத்துல முளைச்சும் தாமரை இலை பளிச்னு இருக்குறது இப்படித்தான். தொட்டா வழவழன்னு இருக்குற இலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பூரா மேடு மேடா இருக்கும், ஒவ்வொரு மேட்டு மேலயும் பொடிப்பொடியா மெழுகு, சொட்டு அந்த நுனிகள்ல மட்டும் உக்காருது, அடியில பூரா காத்து. ஜெர்மனியோட பான் பல்கலைக்கழக தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் விதவிதமான இலைகளை மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு இருந்தப்போ அதுல வழவழப்பா தெரிஞ்ச இலைகளைத்தான் கழுவ வேண்டியிருந்துச்சாம், சொரசொரப்பா தெரிஞ்சது எப்பவும் சுத்தமாவே இருந்துச்சாம்! 1997ல நைன்ஹூயிஸ்ங்கறவர் கூட சேர்ந்து அதை விளக்கி எழுதினார், 1999ல வீட்டு வெளிச்சுவருக்கு இதே ஐடியால பெயிண்டே வந்துடுச்சு. தாமரை இலைத் தண்ணின்னு நாம பேச்சுவாக்குல சொல்றதுக்குள்ள இவ்ளோ இருக்குங்க.

சரி ஷூவுக்கு வர்றேன். மூணாவது வாரம் நடக்கும்போது மடங்குற இடம் நனைய ஆரம்பிச்சுது, பக்கவாட்டுல மட்டும் இன்னும் சொட்டு நிக்குது. டூப்ளிகேட்டோன்னு சந்தேகம் வந்து ஒரு நிஜ தாமரை இலையை எடுத்து கட்டை விரலால அழுத்தித் தேய்ச்சுப் பாத்தேன், அங்கயும் தண்ணி அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்த மேடும் மெழுகும் அவ்ளோ மென்மை. ஆனா நிறைய செடிகள்ல வளர்ற இலைக்கு உரிஞ்ச மெழுகு திரும்ப ஊறி வரும், ஷூவுக்கு நான்தான் மறுபடி ஸ்பிரே அடிக்கணும். ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் மல்லுக்கட்டுற இடமும் இதேதான், தேய்மானம் தாங்குற மாதிரி பண்றது. அதனால கம்பெனியை ரொம்பத் திட்ட மனசு வரல, ஆனா டப்பால "நிரந்தரம்"னு போட்டது தப்பு.

சோப்பு போட்டுக் கழுவிடாதீங்க, சோப்பு தண்ணியோட பரப்பு இழுவிசையை (சொட்டை உருண்டையா இழுத்துப் பிடிக்கிற விசை) குறைச்சுடும், சொட்டு உருளாம பரவிடும், மிச்சம் ஒட்டியிருந்தா அடுத்த தடவை சாதா தண்ணியும் உள்ள போயிடும். எண்ணெய் பட்டா கறைதான். கருப்பு ஷூல லேசா வெள்ளை படியும்.

கண்டிப்பா வெளில வச்சு அடிங்க, அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஃபுளோரின் இல்லாததான்னும் பாத்து வாங்குங்க, ஃபுளோரின் சேர்த்தது சிலது மண்ணுலயும் தண்ணிலயும் மக்காம அப்படியே தங்கிடுது, தாமரை வெறும் மெழுகை வச்சே இதைப் பண்ணும்போது நமக்கு அது எதுக்கு.

5க்கு 3. நான் இப்ப துணிப் பைக்கும் குடைக்கும்தான் அடிக்கிறேன், உரசல் கம்மிங்கறதால அதுல இன்னும் நல்லா நிக்குது.