மூன்று வருஷமாக ஓடும் டனல்: காசிமேடு கடையிலிருந்து கொருக்குப்பேட்டை வீட்டுக்கு

காசிமேட்டில் மச்சானுக்கு போட் இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அந்தக் கடையின் கேமராவை என் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். அங்கே கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் பழசு, ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) மட்டும்தான் பேசும். கடை லைனிலும் சரி, கொருக்குப்பேட்டையில் என் வீட்டு லைனிலும் சரி, வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பப்ளிக் ஐபிவி4 கிடையாது. ரூட்டரில் வான் (WAN, இணையப் பக்கத்து) முகவரியைப் பார்த்தால் 100.72 என்று ஆரம்பிக்கும். 100.64-இல் இருந்து 100.127 வரை எது வந்தாலும் சிஜிநாட்தான். அதாவது ஒரே பப்ளிக் முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. போர்ட் திறந்து வெளியிலிருந்து உள்ளே வர வழியே இல்லை. நமக்கென்று மாறாத முகவரியான ஸ்டாடிக் ஐபி கேட்டால் தனிக் காசு.

டிவிஆர் கம்பெனியின் மொபைல் ஆப்பிலேயே பார்க்கலாம்தான். கல்லாப்பெட்டி வீடியோ எந்த ஊர் சர்வரைச் சுற்றி வருகிறதோ என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

நல்லவேளை, இரண்டு லைனிலும் புது வகை முகவரியான ஐபிவி6 ஒழுங்காக வந்தது. ஐபிவி4 பாக்கெட்டை (டேட்டா துண்டை) ஐபிவி6-க்குள் வைத்து அனுப்பிவிட்டால் சிஜிநாட் குறுக்கே வராது. இப்படி அனுப்பும் வழிக்குத்தான் டனல் என்று பெயர். 2022-இல் ரிச்சி தெருவில் இரண்டு பழைய ரூட்டர் வாங்கி, ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் சாஃப்ட்வேர் ஏற்றினேன். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி உள்ளே வரும் ஐபிவி6-ஐ மொத்தமாகத் தடுத்தது. கேபிள்கார அண்ணனைப் பிடித்து, லைனை அப்படியே என் ரூட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றவே நாலு நாள் ஆனது. இரண்டு இடத்திலும் உள் முகவரிகள் ஒரே 192.168.1 வரிசையில் இருந்து மோதியதால் கடையை 192.168.20-க்கு மாற்றினேன். டிவிஆரில் முகவரி கையால் போட்டிருந்ததை மறந்துவிட்டு அரை நாள் அதைத் தேடியது தனிக் கதை.

முதலில் போட்டது வெறும் 4இன்6 டனல். வேலை செய்தது. ஆனால் அதில் என்கிரிப்ஷன் கிடையாது, வீடியோ அப்படியே திறந்து போகும். ஒரு வாரத்தில், என்கிரிப்ஷன் செய்து அனுப்பும் வயர்கார்டு டனலுக்கு மாறினேன்.

அங்கேதான் சிக்கினேன். டிவிஆர் லாகின் பக்கம் வரும், கேமரா பட்டியலும் வரும், லைவ் அமுக்கினால் வட்டம் சுற்றும். "இன்னா மாமா, சுத்திக்கினே கீது?" என்று மச்சான் தினமும் போன். இரண்டு ராத்திரி போனபிறகுதான் பிரச்சினை எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்று உறைத்தது. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. ஐபிவி6 மேல் போனால் அதற்கு 80 பைட் கூடுதல்: ஐபிவி6 ஹெடர் 40, யுடிபி 8, வயர்கார்ட் 32. ஆக 1500. என் லைனோ யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ வகை, அதில் 1492-தான் போகும். சின்ன பாக்கெட் தப்பித்துவிடும், வீடியோ போன்ற பெரிய பாக்கெட் வழியிலேயே விழும். இரண்டு பக்கமும் 1412 என்று மாற்றி, ஃபயர்வாலில், பாக்கெட்டை அந்த அளவுக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் டிக் போட்டேன். படம் ஓடியது. பிபிபிஓஇ வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், என் தூக்கம் போனது போதும்.

அடுத்த அடி 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில். கரண்ட் போய் நாள் கணக்கில் வரவில்லை. வந்தபோது இரண்டு லைனிலும் ஐபிவி6 முகவரி மாறியிருந்தது. மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் புது முகவரியைச் சரியாகவே காட்டியது. ஆனால் வயர்கார்ட் அந்தப் பெயரை ஆரம்பத்தில் ஒரு தடவை பார்ப்பதோடு சரி. அப்புறம் தன் பாட்டுக்குப் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ஓப்பன் டபிள்யூஆர்டியில் இதற்கென்றே, பெயரை மறுபடி பார்க்க வைக்கும் வயர்கார்ட் வாட்ச்டாக் ஸ்கிரிப்ட் இருக்கிறது. நேரம் வைத்து ஓட்டும் கிரான் ஜாபில் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விட்டேன். அதன்பிறகு கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் டனல் தானாக எழுந்துவிடுகிறது.

போன வருஷம் அடிக்கடி விட்டு விட்டு வந்தது. மறுபடியும் எம்டியுவோ என்று பயந்து கடைக்குப் போனால், டிவிஆரில் சொருகிய நெட்வொர்க் கேபிளின் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. ஹார்பர் உப்புக்காற்று. முனையை வெட்டி புதுசு கிரிம்ப் செய்து, ரூட்டரைக் கதவோரத்திலிருந்து உள் அலமாரிக்கு ஏற்றினேன்.

இப்போது மச்சான் புது ரெக்கார்டர் வாங்கலாம் என்கிறான். ஐபிவி6 உண்டு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதாம். கடைக்காரரை ஆன் செய்து காட்டச் சொல்லி, மெனுவில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசு எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.