ஹல்மில்ல என்று சொல்லித் தலையில் கட்டிய பலகை

மட்டக்களப்புப் பக்கம் மரக்காலையில் பலகை வாங்கி வில் செய்ய நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எந்த மரக்காலை என்று உள்பெட்டியில் கேட்கவேண்டாம், சொல்லமாட்டேன்.

சின்ன வயதில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில், வனவாசத்தன்று அருச்சுனன் கையில் வில்லைப் பார்த்ததில் இருந்து எனக்கு இந்தக் கிறுக்கு. போன கார்த்திகை அடைமழைக்குள் போய், ஆறடி நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் ஹல்மில்லப் பலகை ஒன்று கேட்டேன். வெள்ளைக்காரன் 'திருகோணமலை மரம்' என்று பெயர் வைத்து, படகுக்கு எடுத்த மரம். சாராயப் பீப்பாவும் அதில்தான் செய்வார்கள். வளையும், லேசில் முறியாது.

முதலாளி உள்ளே போய், பளபளவென்று சீவி வார்னிஷ் பூசிய ஒன்றைத் தூக்கி வந்தார். "ஒரு வருசம் காய்ஞ்ச சாமான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு கொண்டு போங்க." மூடிக்கொண்டுதான் கொண்டுபோனேன்.

காசு எடுத்தது கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு. வீட்டில் அளந்தால் தடிப்பு முக்கால் அங்குலம். கதவுக்கு என்றால் விட்டுவிடலாம். வில்லில் தடிப்புக் கால்வாசி குறைந்தால் விறைப்புப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அது முக்கால் × முக்கால் × முக்கால் என்று மும்மடிக் கணக்கில் ஓடுகிறது. சரி, பிள்ளைகளுக்கான வில்லாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பத்து நாள் இராப்பகலாக வேலை. கைபிடிக்கு ஒரு கட்டை ஒட்டி, நுனிகளை அரை அங்குலத்துக்கு ஒடுக்கி, வில்லின் இரண்டு கையும் ஒரேமாதிரி வளைகிறதா என்று சுவரில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்த்தேன். மீன் நிறுக்கிற தூக்குத் தராசு 28 இறாத்தல் காட்டியது. இழுவை 24 அங்குலத்தைத் தொட்டபோது வெடி மாதிரி ஒரு சத்தம். மேல்துண்டு என் காதோரம் பறந்து போய்ச் சுவரில் இருந்த கண்ணாடியை உடைத்தது. மருமகன் ஒரு நிமிசத்துக்கு முன்தான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போயிருந்தான். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

துண்டுகளைக் கொண்டுபோய் எங்கள் ஊர்த் தச்சர் ஓடாவியாரிடம் காட்டினேன். முறிந்த வாயை விரலால் தடவிப் பார்த்தார். "மனே, நல்ல ஹல்மில்ல சிராய் சிராயாத்தான் கிழியும். இது கிழங்கு மாதிரி ஒடிஞ்சிருக்கு, ஹல்மில்லயே இல்ல." பிறகு உளியால் வார்னிஷைச் சுரண்டினார். உள்ளே ஒரு கணு, மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருந்தார்கள். முறிந்தது சரியாக அந்த இடத்தில். பலகையின் ஓரத்தில் நார் ரேகைகள் நுனிவரை ஓடாமல், ஒரு சாணுக்குள்ளேயே சரிந்து வெளியே போயிருந்தன. அப்படிச் சரிந்தால் கணு இல்லாவிட்டாலும் அந்தச் சரிவு வழியே பிளந்திருக்கும் என்றார். வார்னிஷ் பூசிய பலகையில் இதை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் அவர் வாளால் அறுத்தபடியே கிடக்கிற, சீவாத பலகையைத் தவிர வேறெதையும் தொடமாட்டாராம்.

காய்ந்த சாமான் என்றதும் பொய். பெரிய துண்டை அன்றே நிறுத்தேன், 620 கிராம். வீட்டுக்குள் மூன்று கிழமை வைத்து நிறுத்தால் 540. குறைந்தது முழுக்க ஈரம்.

கண்ணாடித் துண்டையும் பலகைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மரக்காலைக்குப் போனேன். முதலாளி கணுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பலகை கதவு, யன்னல் செய்யத் தம்பி. வில்லு செய்யப்போறன் எண்டு நீங்க சொல்லவே இல்லையே." சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அப்போது பக்கத்தில் நின்று சிரித்த பையன் இப்போது தலையைக் குனிந்துகொண்டு மரத்தூள் கூட்டினான்.

காசு வரவில்லை. ஓடாவியார் தன் பட்டறைப் பரணில் கிடந்த சீவாத பலகை ஒன்றைத் தந்திருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதிவைக்கிறேன். இன்னும் 10 கிராம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் சீவுளியைத் தொடவில்லை.