புத்தகப் பாரசீகம், பேச்சுப் பாரசீகம்: ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடமாகப் பாரசீகம் படிக்கிறேன். முதல் இரண்டு வருடம் எழுத்து நடை மட்டும்தான். செய்தி வாசித்தால் புரியும். தெஹ்ரான்காரர்கள் இருவர் பேசிக்கொண்டால் பாதிகூடப் பிடிபடாது. என் பாடப்புத்தகம் பேச்சு நடைக்குக் கடைசியில் இரண்டே பக்கம் ஒதுக்கியிருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒலி மாற்றம் சீக்கிரம் பழகிவிடும். ரொட்டி எழுத்தில் 'நான்', பேச்சில் 'நூன்'. வீடு 'கானே', பேச்சில் 'கூனே'. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. உலகம் என்கிற 'ஜஹான்' பேச்சிலும் 'ஜஹான்'தான். இதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

உண்மையில் படுத்துவது வினைச்சொல். போகிறேன் என்பதற்கு எழுத்தில் 'மீரவம்', பேச்சில் 'மீரம்'. சொல்கிறேன் 'மீகூயம்', அது 'மீகம்' ஆகிவிடும். முடியும் என்கிற 'மீதவானம்' சுருங்கி 'மீதூனம்'. நண்பர்கள் குறுஞ்செய்தியிலும் இப்படியேதான் எழுதுவார்கள். அதை அப்படியே அகராதியில் தேடிப் பல மாலைகள் வீணாயின.

அப்புறம் வாக்கிய அமைப்பு. வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் 'மீகாஹம் பே கானே பெரவம்'. பேச்சில் 'மீகாம் பெரம் கூனே'. 'பே' என்ற வேற்றுமைச் சொல் போய்விட்டது, வீடு வினைக்குப் பின்னால் வந்துவிட்டது. நாமும் 'மதுரைக்குப் போகிறேன்' என்று எழுதிவிட்டு 'மதுரை போறேன்' என்றுதானே பேசுகிறோம்? இது மனதில் பட்ட நாளிலிருந்து எனக்குப் பயம் விட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு நடை என்றால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அது தவறு. பெரியவர்களிடமும் 'ஷொமா' (நீங்கள்) போட்டு, 'மீரவீத்' என்பதை 'மீரீன்' என்று சுருக்கித்தான் பேசுகிறார்கள். மரியாதை 'ஷொமா'விலும் பன்மை விகுதியிலும் இருக்கிறது, நீட்டி முழக்குவதில் இல்லை. 'மீரவம்' என்றே பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

அதற்காக எழுத்து நடையை விட்டுவிடாதீர்கள். புத்தகம், விண்ணப்பம், அறிவிப்புப் பலகை எல்லாம் அதில்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே போ, வா, சொல், கொடு, வேண்டும், முடியும் போன்ற பத்து வினைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் மூன்றாவது வருடம்தான் அப்படி ஒரு நோட்டுப் போட்டேன். இன்றும் அதில் சொல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.