ஷாங்காயில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் கவனம்: நான்ஜிங் சாலை டீ மோசடி

ஷாங்காய் போகிற நம்மவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நான்ஜிங் சாலையிலோ மக்கள் சதுக்கத்திலோ யாராவது தாமாக வந்து நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் "வாங்க, டீ குடிக்கலாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் போகாதீர்கள். எங்களிடமிருந்து இப்படி 2,380 யுவான் பிடுங்கினார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 28,500 ரூபாய்.

கோவை, திருப்பூர் பக்கமிருந்து ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்காக ஷாங்காய் போகிறவர்கள் நிறையப் பேர். கண்காட்சி முடிந்து விமானம் ஏறுவதற்கு நடுவில் ஒரு நாள் கையில் மிஞ்சும். அந்த ஒரு நாள்காரர்களைத்தான் இந்தக் கூட்டம் தேடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஊருக்குப் போகிறவன் புகார், விசாரணை என்று அலைய மாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களிடம் பேசியவர்கள் மூன்றாவது கேள்வியாகக் கேட்டதே "எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" என்பதுதான்.

நானும் என் மச்சானும் போயிருந்தோம். காலையில் பண்ட் எனப்படும் ஆற்றங்கரைக்குப் போனோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். ஹுவாங்பூ ஆற்றின் இந்தக் கரையில் பழைய கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. 1923-இல் கட்டிய ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் குவிமாடக் கட்டடம், 1927-இல் கட்டிய மணிக்கூண்டோடு கூடிய சுங்க மாளிகை, 1929-இல் எழுந்த பச்சைக் கூம்புக் கூரை சாசூன் மாளிகை. பம்பாயில் பருத்தி, அபின் வியாபாரத்தில் பெருத்த அதே சாசூன் குடும்பம்தான் இது. பஞ்சும் நூலுமாகப் பிழைக்கிற எங்களுக்கு அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. எதிர்க்கரையில் பூடோங்கின் உயரக் கட்டடங்கள். 632 மீட்டர் ஷாங்காய் டவரின் உச்சி அன்று மேகத்துக்குள் இருந்தது. பார்த்துத் தீராத இடம். காசு ஒன்றும் கிடையாது.

அங்கிருந்து அப்படியே நான்ஜிங் சாலைக்குள் நடந்தோம். 1999-இல் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய கடைத்தெரு. 2020-இல் அதை ஆற்றங்கரை வரைக்கும் நீட்டிவிட்டதால் பண்டிலிருந்து நேராக நடந்தே போகலாம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்.

அங்கேதான் ஒரு இளைஞரும் இளம்பெண்ணும் வந்தார்கள். தங்கள் போனைக் கொடுத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள், எங்களையும் படம் எடுத்துக் கொடுத்தார்கள். இந்தியாவா என்று கேட்டு, அமீர் கானைத் தெரியும் என்றார் அந்தப் பெண். அங்கே அவருக்கு அவ்வளவு ரசிகர்கள் உண்டு, அதனால் அது வித்தியாசமாகவே இல்லை. தாங்களும் வெளியூர், ஹார்பினில் ஆசிரியர்கள், விடுமுறைக்கு ஷாங்காய் பார்க்க வந்திருக்கிறோம் என்றார்கள். இதைக் கவனியுங்கள். உள்ளூர்க்காரர் என்று சொன்னால் எதையோ விற்க வந்தவரோ என்று நமக்குத் தோன்றும். தாங்களும் சுற்றுலாப் பயணிகள் என்று சொன்னால் அந்தச் சந்தேகமே எழாது. பத்து நிமிடம் கூடவே நடந்தார்கள். எங்கள் குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்றுகூடக் கேட்டார்கள். அப்புறம்தான், இங்கே பக்கத்தில் பாரம்பரியத் தேநீர் நிகழ்ச்சி நடக்கிறது, இன்றைக்குக் கடைசி நாள், நாங்கள் அங்கேதான் போகிறோம், வருகிறீர்களா என்றார்கள்.

பெரிய சாலையிலிருந்து ஒரு குறுக்குத்தெரு, அதிலிருந்து ஒரு வணிகக் கட்டடம், லிஃப்டில் மேலே. தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே ஜன்னல் இல்லாத சின்ன அறை. நடுவில் மேசை. அடியில் தண்ணீர் வடிவதற்கு இடுக்கு விட்ட மரத்தட்டு, அதன்மேல் வாயில் காசைக் கவ்விய மண் தவளை ஒன்று. சீனப் பட்டுச் சட்டை போட்ட பெண் வந்து உட்கார்ந்து, முதல் தண்ணீரைத் தவளையின் தலையில் ஊற்றினார், செல்வம் சேருமாம். பிறகு ஹாங்ஜோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலை, ஃபூஜியனின் தியெகுவான்யின், யுன்னானின் பூஅர், மல்லிகை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் இரண்டு மடக்குக்குக்கூட வராத கிண்ணங்கள். நம் கூட வந்த பெண் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு விலை அட்டையைக் காட்டினார்கள். அதில் 150 என்று இருந்தது. பானைக்கா, கிண்ணத்துக்கா, ஆளுக்கா என்பதெல்லாம் சீன எழுத்தில். கண்ணில் பட்டவுடன் வாங்கிக்கொண்டும் போய்விட்டார்கள்.

ஆறாவது தேநீரின்போது என் மச்சான் காதோரம், "மாமா, எனக்கு இது சரியாப் படலை, கிளம்பலாம்" என்றான். எழுந்தோம். உடனே பில் வந்தது.

மொத்தம் 4,760 யுவான். ஆறு வகைத் தேநீர், நான்கு பேர், ஒரு கிண்ணத்துக்கு 150. அது 3,600. அறை வாடகை 800. தட்டில் வைத்திருந்த உலர்ந்த பழத்துக்கும் பூசணி விதைக்கும் 360. யாரும் கேட்காமல் வைத்த தட்டு அது. அந்த இளைஞர், "பாதியை நாங்கள் தருகிறோம், நண்பர்களாகப் பங்கு போடுவோம்" என்று சொல்லி, முகம் கோணாமல் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். அதைத் தேய்த்தார்கள். மெஷினிலிருந்து சீட்டு வரவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எங்கள் கார்டைத் தேய்த்தபோது சீட்டு வந்தது.

தர முடியாது என்று முதலில் சொன்னோம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அறையில் இரண்டு ஆண்கள் வந்து கதவோரம் நின்றார்கள். கை வைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மொழி தெரியாத ஊரில், ஜன்னல் இல்லாத அறையில் அது போதும். உயிருக்கு ஆபத்து வராமல் வெளியே போவதுதான் அப்போது முக்கியம் என்று பணத்தைக் கட்டினோம். உங்களுக்கு இப்படி நேர்ந்தாலும் அதையே செய்யுங்கள். வெளியே வந்த பிறகு சண்டை போடலாம்.

சண்டை போட்டோம். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னதும், அவருக்கு எங்களைவிடக் கோபம் வந்தது. எங்கள் ஊருக்கே அவமானம் என்று கைபேசி மொழிபெயர்ப்பில் எழுதிக் காட்டினார். அவரே போலீஸ் எண் 110-ஐக் கூப்பிட்டு, அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கு எங்களுடன் வந்தார். அன்று அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது. இதை எழுதுவதற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம். யாரும் இதைப் படித்துவிட்டு சீனர்களே இப்படித்தான் என்று பேசக் கூடாது. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து மெட்ரோ வாசலில் விட்டுப் போகிற மனிதர்கள் அந்த ஊரில் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அவர்களிடம் நாம் போய்க் கேட்டோம். இவர்கள் தாமாக வந்தார்கள்.

காவலர் பில்லைக் கேட்டார். எங்களிடம் பில் இல்லை, கேட்டும் தரவில்லை. கார்டு சீட்டு இருந்தது. அதில் தேநீர்க்கடை என்றே இல்லை, கைவினைப்பொருள் விற்கிற ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் காவலரின் முகம் மாறியது. அவர் கடைக்குப் போன் செய்தார். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் ரொக்கத்தோடு வந்தார். "டீ குடித்தார்கள் அல்லவா, குடித்ததற்குக் காசு வேண்டாமா" என்பது அவருடைய வாதம். எங்கள் கூட வந்த 'ஆசிரியர்கள்' யார் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள், எனக்குத் தெரியாது என்றார். பேசிப் பேசிக் கடைசியில் 1,600 யுவான் திரும்பக் கிடைத்தது. மீதியைத் தர மறுத்துவிட்டார். எங்களுக்கு மறுநாள் விமானம். இன்னொரு நாள் இருந்திருந்தால் முழுவதையும் வாங்காமல் விட்டிருக்க மாட்டோம்.

ஆகவே, மாட்டிக்கொண்டால் அந்தக் கார்டு சீட்டை எக்காரணம் கொண்டும் தொலைக்காதீர்கள். வெளியே வந்ததும் கட்டடத்தின் எண், தெருப் பலகை இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். உள்ளே இருக்கும்போதே 'ஃபாபியாவ்' கொடுங்கள் என்று கேளுங்கள். அது வரித்துறை கணக்கில் ஏறுகிற அதிகாரபூர்வ ரசீது. நேர்மையான கடை கேட்டதும் கொடுத்துவிடும், இந்த மாதிரிக் கடைக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. சீனச் சட்டப்படி கடைக்காரர் விலையைத் தெளிவாக எழுதிக் காட்டியாக வேண்டும். விலை தொடர்பான புகாருக்கு 12315 என்ற எண் உண்டு, அவசரத்துக்குப் போலீஸ் 110. மொழிக்கு விடுதி ஆட்களைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா ஊர் திரும்புவதைத்தான் அந்தக் கூட்டம் எதிர்பார்க்கிறது. அன்றைக்கே போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

இதே ஆட்டத்தை வேறு வேடத்திலும் ஆடுகிறார்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் என்று சொல்லி, கண்காட்சிக்கு அழைத்துப் போய் அச்சடித்த படத்தை அசல் என்று தலையில் கட்டுவது ஒன்று. பெய்ஜிங்கில் வாங்ஃபூஜிங் கடைத்தெருப் பக்கமும் இரண்டும் நடக்கின்றன. அங்கே அரண்மனை அருங்காட்சியகத்தின் வடக்கு வாசலில் வெளியே வரும்போது நிற்கிற ரிக்‌ஷாக்காரர்கள் சிலரிடமும் கவனமாக இருங்கள். ஏறும்போது மூன்று விரலைக் காட்டுவார்கள், இறங்கும்போது 300 கேட்பார்கள்.

தேநீர் குடிக்கவே கூடாதா என்றால், தாராளமாகக் குடியுங்கள். ஷாங்காய் பழைய நகரத்தில் யூயுவான் தோட்டத்துக்கு எதிரே, குளத்தின் நடுவில், வளைந்து வளைந்து போகிற பாலத்தை ஒட்டி ஹூஷின்திங் என்ற தேநீர்க்கடை இருக்கிறது. 1855-இலிருந்து தேநீர்க்கடையாக நடக்கிறது. 1986-இல் எலிசபெத் ராணிகூட வந்து குடித்திருக்கிறார். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அட்டையில் அச்சடித்திருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்கலாம். கிழக்கு நான்ஜிங் சாலை மெட்ரோவிலிருந்து 10-ஆம் லைனில் ஒரே ஒரு நிறுத்தம், 3 யுவான். தேயிலை வாங்குவதானால், சாதாரணத் தேயிலைக் கடைக்குப் போய் உட்காருங்கள். சுவை பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மேற்கு நான்ஜிங் சாலையில் கொங்தேலின் என்ற உணவகம். 1922-இலிருந்து சைவம் மட்டுமே. மக்கள் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம். என் மச்சான் பல நாள் பட்டினிக்கு அங்கேதான் முடிவு கட்டினான். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு ஆற்றைக் கடக்கிற சாதாரணப் பயணிகள் படகில் ஏறிவிடுங்கள். சுற்றுலாப் படகுக்கு நூறு யுவானுக்கு மேல் கேட்பார்கள், இதற்கு 2 யுவான். இரண்டு கரையும் ஒரே நேரத்தில் தெரியும். வேலை முடிந்து ஸ்கூட்டரோடு வீட்டுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களில் யாரும் உங்களிடம் வந்து பேச மாட்டார்கள்.

பணம் செலுத்துவதில் ஒன்று. நம் விசா, மாஸ்டர் கார்டை அலிபே என்ற சீனக் கைபேசிப் பணச் செயலியில் இணைத்துக்கொண்டு கடையின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டுவது நல்லது. 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், பரவாயில்லை. யாருக்கு, எவ்வளவு போகிறது என்று உங்கள் திரையிலேயே தெரியும், தொகையை நீங்கள் சரிபார்த்த பிறகுதான் கட்டுவீர்கள். கார்டை வாங்கி உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள்.

மீதி 780 யுவானுக்கு இங்கே வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது அந்தக் கார்டு கட்டணத்தை மறுத்து முறையீடு, போட்டிருக்கிறேன். கார்டு சீட்டு, கட்டடத்தின் படம், காவல் நிலையத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு மூன்றையும் இணைத்திருக்கிறேன். சீட்டில் இருக்கிற நிறுவனத்தின் பெயரும் நாங்கள் உட்கார்ந்த இடமும் வேறு வேறு என்பதை எழுத்தில் கேட்டார்கள், அதையும் கொடுத்தாயிற்று. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.