மலப் பரிசோதனையில் பி.சி.ஆர். தொகுப்பு: ஓர் ஆய்வகச் சேவை பற்றிய மதிப்பீடு

இரண்டு வாரங்களைக் கடந்தும் வயிற்றுப்போக்கு நிற்காததால், என் தந்தையாருக்கு மருத்துவர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நாங்கள் சென்ற ஆய்வகத்தில், வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனையோடு, 13 பாக்டீரியா, 5 வைரஸ், 4 ஒட்டுண்ணி என 22 வகைக் கிருமிகளின் மரபணுவை ஒரே முறையில் தேடும் பி.சி.ஆர். தொகுப்பும் உண்டு. மருத்துவர் சொன்னபடி இரண்டையும் செய்துகொண்டோம்.

மாதிரி சேகரிக்கும் கட்டத்தில் ஆய்வகத்தினர் காட்டிய அக்கறை பாராட்டுக்குரியது. மூடியோடு சிறு கரண்டி பொருத்திய வெறும் டப்பா ஒன்றையும், திரவம் நிரப்பிய குழாய் ஒன்றையும் கொடுத்து, குழாயில் சிவப்புக் கோடு வரை மட்டுமே மாதிரி சேர வேண்டும் என்று ஊழியர் செய்துகாட்டினார். சளியோ இரத்தமோ தென்பட்டால் அந்தப் பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும், சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் கலக்கவே கூடாது என்பதையும் தயக்கமின்றி எடுத்துரைத்தார். இவை வெறும் சுத்தம் சார்ந்த அறிவுரைகள் அல்ல. சிறுநீர் பட்டால் அமீபா போன்றவற்றின் நகரும் உயிர்நிலைகள் அழிந்துவிடும். நீர்த்த மலத்தை அரை மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்காவிட்டால் அவை சிதைந்து அடையாளம் தெரியாமல் போகும். அப்படியிருந்தும், டப்பாவின் லேபிளில் பெயர், வயது, தேதி ஆகியவற்றுக்கு இடம் இருந்ததே தவிர, மலம் கழித்த நேரத்தை எழுத இடம் இல்லை. ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கியாயிற்றா என்றும் ஒருவரும் கேட்கவில்லை. மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி வளராமல் போகக்கூடும் என்பதால், அந்தக் கேள்வியை முகப்பிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நுண்ணோக்கி அறிக்கை அன்று மாலையே வந்தது. ‘ஒட்டுண்ணிகள் காணப்படவில்லை’ என்ற ஒற்றை வரிதான். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுவே. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் ஒரே அளவில் மலத்தில் வெளியேறுவதில்லை. அதனால்தான் வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகளைப் பார்ப்பது முறையாகக் கருதப்படுகிறது. ஒரே மாதிரியில் தென்படாததைத் தொற்றே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என ஒரு வரி சேர்த்திருந்தால், அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியடையும் பலருக்கு நன்மையாக இருந்திருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைப் பார்க்கத் தனிச் சாயமேற்ற வேண்டும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதும் அறிக்கையில் இல்லை.

மறுநாள் வந்த பி.சி.ஆர். அறிக்கையில் ஜியார்டியா இருப்பது தெரிந்தது. கூடவே இ.பி.இ.சி. என்ற ஈகோலை பாக்டீரியா வகையும் இருந்தது. இரண்டும் ஒரே சிவப்பு எழுத்தில், ஒரே அளவில் அச்சிடப்பட்டிருந்தன. ஜியார்டியாவே இந்த நீண்டகாலப் பேதிக்குப் பொருந்தும் காரணம் என்று முடிவு செய்த மருத்துவர், டினிடசோல் மருந்தை ஒரே வேளை கொடுத்தார். இ.பி.இ.சி. வயிற்றுப்போக்கே இல்லாதவர்களிடமும் காணப்படுவது என்பதால் அதற்கு மருந்து தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார். தந்தையாரும் குணமடைந்தார். இந்த விளக்கம் இல்லாமல் சிவப்பு எழுத்தை மட்டும் பார்ப்பவர், இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு மருந்துக் கடையில் நிற்பார். மரபணு அகப்பட்டது என்றால் கிருமி உயிரோடு இருக்கிறது என்றோ, நோய்க்கு அதுவே காரணம் என்றோ ஆகிவிடாது.

இந்தத் தொகுப்பு மிகவும் கைகொடுப்பது அமீபா விஷயத்தில்தான். சீதபேதியை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா என்ற அமீபாவின் சிஸ்ட்டுகளும் (ஓடு மூடிய உறங்குநிலைகளும்), தீங்கற்ற என்டமீபா டிஸ்பாரின் சிஸ்ட்டுகளும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும்; பி.சி.ஆர். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். ‘அமீபா இருக்கிறது’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் மெட்ரோனிடசோல் விழுங்கும் நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவை இந்த 22-இல் இல்லை. புழுத்தொற்றைச் சந்தேகிப்பவர்களுக்கு நுண்ணோக்கிதான் இன்னமும் துணை.

ஆய்வகத்தின் விதிகளில் மூன்றை மனதாரப் பாராட்டுகிறேன். கெட்டியான மலத்தைக் கொண்டுவந்து, சி.டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவுக்கான பரிசோதனை கேட்டால், அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நோயில்லாமலே அந்தக் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு என்பதால், பேதியில்லாதவரிடம் அதைத் தேடினால் தேவையற்ற சிகிச்சையில்தான் போய் முடியும். சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்கள் தென்பட்டால் கல்ச்சருக்கும் அனுப்புகிறார்கள். ஏனெனில், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை இந்தத் தொகுப்பு சொல்லாது; கல்ச்சரில்தான் தெரியும். ஷிகா நச்சு சுரக்கும் ஈகோலை தென்பட்டாலோ, அறிக்கை தயாராகும் வரை காத்திராமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுகிறார்கள். அந்தத் தொற்றில் ஆன்டிபயாடிக் கொடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சிறுநீரகம் செயலிழக்கும் அபாயத்தை அதிகரிக்கலாம். மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் முடிவும் சிகிச்சைக்கு வழிகாட்டும் முடிவுதான்.

ஓரிரு நாளில் தானாக நிற்கும் சாதாரணப் பேதிக்கு இந்தப் பரிசோதனை எதுவுமே தேவையில்லை. காய்ச்சல், மலத்தில் இரத்தம் அல்லது சளி, கடுமையான வயிற்றுவலி, இரண்டு வாரம் தாண்டிய பேதி, நோயெதிர்ப்பாற்றல் குறைந்த உடல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரிடம் கேட்டு இங்கே தாராளமாகச் செய்துகொள்ளலாம். சிகிச்சை முடிந்ததும் ‘மறுபரிசோதனைக்கு வாருங்கள்’ என்று இவர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கிருமி செத்த பிறகும் அதன் மரபணு சில காலம் மலத்தில் தென்படலாம். அறிகுறி நின்றுவிட்டவருக்கு மீண்டும் பி.சி.ஆர். செய்தால் வீண் கவலைதான் மிஞ்சும். எங்கள் மருத்துவரும் அது வேண்டாம் என்றே சொன்னார், நாங்கள் போகவில்லை.