கோவை – வால்பாறை – கோவை: ஒரே நாள் பைக் பயணம், பல பருவங்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

காலையில் கோவையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்கிற வழிகளில் வால்பாறைக்கு இணையாக எதையும் சொல்ல முடியவில்லை. பொள்ளாச்சி வரை தென்னந்தோப்பு, அடுத்து ஆழியாறு அணை, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏறினால் மடிப்பு மடிப்பாகத் தேயிலை. போக வர சுமார் 210 கி.மீ. மேலே எஸ்டேட் சாலைகளில் சுற்றுவதையும் சேர்த்தால் 250 வரும். 110 சிசி வண்டியிலும் 350 சிசி வண்டியிலும், வெயிலிலும் மழையிலும் இந்த வழியை ஓட்டியவர்கள் முதலில் சொல்லும் பாடம் ஒன்றுதான்: எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யோசிக்கும் முன் எத்தனை மணிக்கு மலை இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். மற்ற நேரங்களை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்.

மாலை 5 மணிக்குள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட வேண்டும். அதற்கு வால்பாறை டவுனை 2.30-க்கு விட வேண்டும். காரணம் இரண்டு. மதியம் தாண்டினால் மலைப்பாதையில் உள்ள கவர்கல் பக்கம் மூடுபனி இறங்கிவிடும். சில நாட்களில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டாவது, யானை. மலைப்பாதை முழுவதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் அதை ஒட்டிய எஸ்டேட்டுகளையும் ஊடுருவிப் போகிறது. பொழுது சாயும் நேரத்தில் யானையும் காட்டுமாடும் சாலையைக் கடக்கும். வால்பாறைப் பகுதியில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் அமைத்த எச்சரிக்கை விளக்குகள் உயரமான இடங்களில் இருக்கின்றன. சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நடமாட்டம் என்று பொருள். உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்து நிற்கும்போது நீங்களும் நின்றுவிடுங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம்.

2.30-க்கு இறங்க வேண்டுமென்றால் மேலே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். அப்படியானால் 10 மணிக்கு வால்பாறையில் இருக்க வேண்டும், 7.30-க்கு ஆழியாறு செக்போஸ்ட், 6.30-க்குப் பொள்ளாச்சி, 5.30-க்குக் கோவை உக்கடம். டிபனைப் பொள்ளாச்சியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பெட்ரோலும் அங்கேயே, காட்டுப் பகுதியில் பங்க் கிடையாது. 110 சிசி வண்டிக்கு இந்த நாளுக்கு 5 லிட்டர், 350-க்கு 8 லிட்டர் போதும். மலை ஏற்றத்தில் மைலேஜ் குறைவதையும் சேர்த்த கணக்கு இது.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு இ-பாஸ் கட்டாயம். முந்தைய நாளே எடுத்து, போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட் வாசலில் சிக்னலைத் தேடிக்கொண்டு நின்றால் அரை மணி நேரம் போய்விடும். பையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்; ஸ்டீல் பாட்டில் கொண்டுபோகலாம். சிக்னல் பல இடங்களில் இருக்காது என்பதால் மேப்பையும் ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் பெரிய தொல்லை இல்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். ஆழியாறு அணை முழுவதும் கீழே விரியும். பாறைச் சரிவில் வரையாடு நிற்பது இந்தப் பக்கத்தில் அடிக்கடி கிடைக்கும் காட்சி. சில ஆடுகள் சாலை ஓரம்வரை வந்து நிற்கும். பிஸ்கட், உப்பு எதையும் நீட்டாதீர்கள். வண்டிச் சத்தத்துக்குப் பழகிப்போன ஆடுதான் கடைசியில் வண்டியில் அடிபடுகிறது. வால்பாறைக்குச் சற்று முன் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். மரத்திலேயே கடக்கட்டும் என்று மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே 20 கி.மீ. வேகம் போதும்.

வளைவில் ஏறும்போது கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். சின்ன வண்டிக்கு, ஆள் ஏற்றியிருந்தால் முதல் கியர். தனியாக இருந்தால் இரண்டாவது. பாதி வளைவில் கிளட்சைப் பிடித்து கியர் மாற்றினால் வண்டி வேகமிழந்து உள்பக்கம் சாயும். இடதுபக்க வளைவுகளில் இன்னும் கவனம் வேண்டும். உள்விளிம்பில்தான் சரிவு அதிகம். அரசுப் பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். அது திரும்ப மொத்த ரோடும் வேண்டும். முன்பக்கம் விலகிப் போனாலும் பின்சக்கரம் உள்விளிம்பை ஒட்டித்தான் வரும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கும்போது நீங்கள்தான் நிற்க வேண்டும்.

இறக்கத்தில்தான் வண்டிகள் கைவிடுகின்றன. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களை இந்த வழியில் இன்றும் பார்க்கலாம். எஞ்சின் பிடிக்க வேண்டிய பாரத்தை மொத்தமாக பிரேக் சுமக்கிறது. பத்து வளைவுக்குள் டிரம் சூடேறி, எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்கில் கோளாறு வேறு விதம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பிரேக்கை இடைவிடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். இடையில் கிடைக்கும் நேர்ப்பாதையில் பிரேக் ஆறிக்கொள்ளும். லீவர் மென்மையானாலோ எரிந்த வாசனை வந்தாலோ அகலமான இடத்தில் 15 நிமிடம் நிறுத்துங்கள். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஸ்கூட்டரில் வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேகம் குறைந்தால் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் வண்டி உருளும். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபடி பிடிக்கும், ஆனால் எல்லா வளைவிலும் அதைச் செய்துகொண்டிருப்பது களைப்பு. பின்னால் ஆள் ஏற்றி ஸ்கூட்டரில் வால்பாறை இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வண்டியில் பார்க்க வேண்டியவை: பிரேக் பேட் தடிமன், செயின் தளர்வு (பெரும்பாலான வண்டிகளுக்கு 25–30 மி.மீ.; சரியான அளவு கையேட்டில் இருக்கும்), டயர் பட்டன் தேய்மானம், ஹெட்லைட். காற்றை டயர் ஆறியிருக்கும்போது, ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கே அடியுங்கள். மலைக்குப் போகிறோம் என்று குறைப்பது தப்பு. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் ஸ்ட்ரிப், துளையை அராவும் ஊசி, கால் பம்ப் போதும்; பத்து நிமிட வேலை. ஸ்போக் வீலும் டியூப் டயரும் உள்ள வண்டி என்றால் மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் எல்லாம் வேண்டும்; பழகிய கைக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். வருடக்கணக்கில் இந்த வழியில் ஓட்டப் போகிறவர் டியூப்லெஸ் டயர் போட்ட அலாய் வீல் எடுப்பதே மேல்.

உடுப்பில் நீடித்து உழைத்தது சட்டை, பேன்ட் என இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட். போன்சோ (தலைவழியாகப் போர்த்தும் மழை அங்கி) காற்றில் படபடத்துக் கைக்குக் குறுக்கே வரும், செயினிலும் சிக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேன்ட்டின் இருக்கைத் தையல்தான் முதலில் ஒழுக ஆரம்பிக்கும், மழைக்காலத்துக்கு முன் அங்கே தையலை அடைக்கும் சீம் டேப் ஒட்டிவிடுங்கள். மூடுபனியில் வைசரின் உள்பக்கம் மங்கும். ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் தெளியும். கருப்பு வைசரோடு மட்டும் வராதீர்கள்.

எந்த மாதம் என்றால், அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தென்மேற்குப் பருவமழை. பச்சை அப்போதுதான் உச்சம், ஆனால் மண் சரியும், மரம் விழும், இறங்கி நின்றால் அட்டை ஏறும். வால்பாறை அருகே உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். எந்த மாதமானாலும் வால்பாறையை ஒட்டிய கூழாங்கல் ஆற்றில் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே தண்ணீர் திடீரென ஏறும்.

மேலே இருக்கும் நான்கு மணி நேரத்தில் இரண்டில் ஒரு இடம் போதும்: நல்லமுடி பூஞ்சோலை, அல்லது சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள சோலையாறு அணை. சோலையாறு போனதும் அப்படியே மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாகத் திரும்பலாமே என்று ஆசை வரும். அருமையான காட்டுப் பாதைதான். ஆனால் மொத்தத் தூரம் 350 கி.மீ.யைத் தொடும், வனத்துறைச் சோதனைச் சாவடிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, யானைத் தொல்லை அதிகமானால் இருசக்கர வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 2022 நவம்பரில் கபாலி என்ற கொம்பன் யானை எதிரே வந்ததால் ஒரு தனியார் பேருந்து 8 கி.மீ. பின்னோக்கியே ஓட வேண்டியிருந்தது இந்த வழியில்தான். பைக்கில் பின்னோக்கி ஓட முடியாது. சாலக்குடி வழிக்கு இரண்டு நாள் ஒதுக்கி, வால்பாறையில் இரவு தங்கிப் போங்கள்.

மழையில் நனைந்த வண்டி என்றால் மறுநாளே செயினைத் துடைத்து மசகு எண்ணெய் (லூப்) போடுங்கள், அப்படியே விட்டால் ஒரே வாரத்தில் துரு ஏறும். பேட் தடிமனையும் மறுபடி பாருங்கள். ஆள் ஏற்றிய ஒரு வால்பாறை இறக்கம், நகர ஓட்டத்தைவிட வேகமாக அதைத் தின்னும்.