150 சிசியிலிருந்து மேலே: 400 சிங்கிளா, 650 ட்வினா?

பெரிய வண்டி எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் ரைடர்கள் இரண்டு கட்சி. ‘ஓடுகிற வண்டி இருக்க எதற்கு வீண் செலவு’ என்பது ஒன்று, ‘எடுத்தால் ஒரேயடியாகப் பெரிசு’ என்பது இன்னொன்று. முதல் கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தினசரி ஓட்டம் ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் என்றால் புது செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், நல்ல டயர் போட்டாலே பழைய வண்டி உயிர் பெற்றுவிடும். நெடுஞ்சாலை ஓட்டம் கூடும்போதுதான் கணக்கு மாறும். வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. பின்னால் ஆளும் பையும் ஏறிவிட்டால் 150 சிசி வண்டியின் 14 குதிரைத்திறனில் ஓவர்டேக் எடுக்கத் தயக்கம் வருவது அதனால்தான்.

அடுத்த படியாகப் பலரும் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, கேடிஎம் 390 டியூக் போன்ற, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் (சிங்கிள்) வண்டி. இன்னொன்று, ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்ற, காற்றிலும் ஆயிலிலும் குளிரும் இரட்டை சிலிண்டர் (ட்வின்). குதிரைத்திறனில் பெரிய வித்தியாசமில்லை: 399 சிசி டியூக் சுமார் 45, 648 சிசி இன்டர்செப்டர் 47. டார்க்கில்தான், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையில்தான் இடைவெளி, 39 நியூட்டன் மீட்டருக்கு எதிராக 52. அதுவும் ட்வினில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். எடையில் சிங்கிளுக்கே வெற்றி. நாற்பது, ஐம்பது கிலோ குறைவு என்பதை பார்க்கிங்கில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போது கை சொல்லும்.

நான் எடுத்தது ட்வின், சாய்வும் அந்தப் பக்கம்தான். அதற்குக் காரணம் வேகமோ சத்தமோ இல்லை, டேப்பட், அதாவது வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் வேலை.

சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் விட்டு, புகையை வெளியேற்றும் மூடிதான் வால்வு. ஓட ஓட அது, தான் உட்காரும் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதியும். அப்போது தண்டின் நுனி மேலே ஏறி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. டேப்பட் லூஸானால் டக்டக்கென்று சத்தம் போடும், உடனே மெக்கானிக்கிடம் ஓடுவோம். டைட்டானால் எஞ்சின் இன்னும் அமைதியாகிவிடும், நாமும் வண்டி அருமையாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் அமரும்போதுதான் இறக்கிவைக்கிறது. முழுதாக மூடவில்லையென்றால் அந்த வழி அடைபடும், விளிம்பு கருகும், கம்ப்ரஷன் இறங்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் ஐடிலிங் தள்ளாடுவதும் பிறகுதான் தெரியவரும்.

இன்டர்செப்டரில் எட்டு வால்வு இருந்தாலும் எல்லாம் ஸ்க்ரூவைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்து லாக்நட்டால் பூட்டும் வகை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டேங்கைக் கழற்றி, வால்வு கவரைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகக் கம்ப்ரஷன் டிடிசிக்கு, அதாவது வால்வுகள் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிராங்க் 270 டிகிரி இடைவெளியில் அமைந்தது என்பதால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வராது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டு, லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றி அளவு மாறுவது சகஜம்.

டியூக் வகை டிஓஹெச்சி (மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள) எஞ்சினில் ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் என்ற சிறு தட்டுதான் இடைவெளியைத் தீர்மானிக்கும். நான்கே வால்வு என்றாலும் அளவு தவறியிருந்தால் கேம் செயின் டென்ஷனரை எடுத்து, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியான தடிமனில் வேறொன்று போட வேண்டும். அந்த அளவு கையிருப்பில் இல்லையென்றால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும். திரும்பப் பூட்டும்போது டைமிங் குறி ஒரு பல் தவறினாலும் வம்பு. ரொம்பத் தவறினால் வால்வு பிஸ்டனில் மோதும். ஷிம் அளவு அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பது அதன் பக்கத்து நியாயம். ஆனாலும் வேலை தெரிந்த கை வேண்டும். ஆக, பராமரிப்புச் சுமையைச் சிசியை வைத்து எடைபோட முடியாது, வால்வு அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ட்வினுக்கும் குறை இல்லாமல் இல்லை. பிளக் இரண்டு, ஆயிலும் கூடுதல். டிராஃபிக்கில் ஊர்ந்தால் தொடை வேகும். சிங்கிளில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினையாவது காப்பாற்றும். ஸ்போக் வீல் மாடலில் டியூப் இருப்பதால் பஞ்சரானால் வீலைக் கழற்றியே ஆக வேண்டும், அலாய் வீல் எடுப்பதே புத்திசாலித்தனம். டயர் தேர்வும் குறைவு. சிங்கிளின் 150/60 ஆர்17 அளவில் கிடைக்கிற வகைகள் 130/70-18இல் கிடைக்காது. வளைவுகளில் விரட்டுவதுதான் ஆசை என்றால் சிங்கிளையே எடுங்கள்.

மறுவிற்பனையில் எது நிற்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். சர்வீஸ் ரசீது இருக்கும் வண்டிக்கு மதிப்பு, மாற்றிய சைலன்சருக்குப் போட்ட காசு திரும்பாது. இவை இரண்டுக்கும் பொது.

பழைய வண்டியாக வாங்குகிறீர்கள் என்றால் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு, ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, அடம்பிடிக்கிறதா என்று பாருங்கள். டேப்பட் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் பார்த்தது என்று கேட்டு, அதற்கான ரசீதையும் வாங்கிப் பாருங்கள்.